எலிக்காம்பரா ஆயா

2003ஆம் ஆண்டு அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாக மெலிந்திருந்தது. நமுனுகுல மலையின் மேற்பாதி பனிமூட்டத்துக்குள் இருந்தது. அந்நேரத்தில் கலாராணி, கையுறை அணிந்த இரண்டு விரல்களால், தலையில்லாத ஓர் எலிக்குட்டியை மரத்தூளிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

குட்டி என்று சொல்வதற்கு அதில் அதிகம் மிஞ்சவில்லை. பின்னங்கால்கள், வால், இளஞ்சிவப்பில் சிறிது வயிற்றுத்தோல். தாய் எலியோ அதைத் திரும்பியும் பாராமல் கூண்டின் கம்பிகளை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பியை நக்கி முடித்து அடுத்த கம்பி. கடைசிக் கம்பி முடிந்ததும் மறுபடி முதற்கம்பி. உயிரோடிருந்த குட்டிகள் மூலைக்கொன்றாகக் கிடந்து நெளிந்தன. அவற்றை மிதித்துக்கொண்டுதான் அது போய் வந்தது.

"சீ, சனியனே," என்றாள் கலாராணி. "நீயெல்லாம் ஒரு தாயி!"

பதுளையிலிருந்து மலைக்கு ஏறும் பாதையோரத்தில், முன்னொரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களாவில் அந்த ஆய்வு நிலையம் இயங்கியது. துரையின் குதிரைகள் நின்ற கட்டடம் எலிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வாயிற்பலகையில் நிலையத்தின் பெயர் மும்மொழியிலும் நீளமாக எழுதப்பட்டிருந்தும், அதைத் தோட்டத்தில் எவரும் ஒரு மொழியிலேனும் சொன்னதில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் புள்ளக்காம்பரா. ஆகவே எலிகளை வைத்துப் பார்க்கும் இடம் எலிக்காம்பரா. பேர் வைத்தவர்களுக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கலாராணி இரண்டு காம்பராவிலும் வேலை செய்தவள். அவள் வயதுக்காரிகள் கூடை தூக்கிய காலமெல்லாம் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்து, ஊரார் பிள்ளைகளைக் கழுவித் துடைத்து உறங்கவைத்தாள். கட்டியவன் பிள்ளையில்லை என்று காரணம் சொல்லிக் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். பிறகு, பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஒரு பெண்ணை நிர்வாகம் புள்ளக்காம்பராவுக்கு அமர்த்தியது. கலாராணி, குட்டிகளைப் பராமரித்த அனுபவம் உடையவள் என்ற தகுதியின் பேரில், எலிகளிடம் அனுப்பிவைக்கப்பட்டாள். அந்தத் தகுதியை எழுத்தில் குறித்தவர் கேலிக்காகக் குறிக்கவில்லை என்பதுதான் அதிலிருந்த அருவருப்பு.

"எத்தினை?" என்று கேட்டுக்கொண்டே சிதம்பரநாதன் உள்ளே வந்தார். நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், அறிவித்தற்பலகையில் எவரேனும் ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் நின்று சேர்த்துவிட்டுப் போகும் மனிதர்.

"ஒண்ணுங்க ஐயா. தலையக் காணோம்."

"சிவப்புச் சீட்டோ, நீலச் சீட்டோ?"

"செவப்புங்க."

"அப்ப எதிர்பார்த்ததுதான்."

நீலச்சீட்டு எலிகளுக்கு உப்புநீர் ஊசி. சிவப்புச்சீட்டு எலிகளுக்கு ஊக்க மருந்து ஊசி. உடம்பு மெலியவும் உறக்கத்தைத் துரத்தவும் ஆட்கள் விழுங்கும் மருந்துகள் பிள்ளை பெற்றவளை என்ன செய்யும் என்று எலியை வைத்து அறிவது ஆய்வின் நோக்கம். குட்டிகளை எடுத்துக் கூண்டின் மறுகோடியில் போடுவார்கள். நீலச்சீட்டுத் தாய் ஓடிவந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் போய், காகிதக் கீற்றுகளால் தான் கட்டிய கூட்டில் சேர்க்கும்; சேர்த்தபின் அவற்றின்மேல் வளைந்து நிற்கும். சிவப்புச்சீட்டுத் தாய் கூடும் கட்டாது, குட்டியும் பொறுக்காது. ஓடும், முகரும், நக்கும், கடிக்கும். சிதம்பரநாதன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் குறித்துக்கொள்வார்.

"அது தாயின்ர குணமில்லை, கலாராணி. மருந்தின்ர குணம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. ஆனா தின்னது மருந்து இல்லீங்களே ஐயா. அதுதானுங்களே தின்னுச்சு."

சிதம்பரநாதன் குட்டியின் மிச்சத்தை நிறுப்பதற்காகத் தட்டை நீட்டினார்.

மாலையில், குழாயடியில் நின்று சிவப்புச் சவர்க்காரமும் புளிப்புத் தேசிக்காய்த் தோலும் கொண்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. எலி மூத்திரத்தின் நாற்றம் தோலில் தங்குவதில்லை, மூக்கில்தான் தங்குகிறது என்று சிதம்பரநாதன் ஒருமுறை விளக்கியிருந்தார். விளக்கிய பின்னும் அது அங்கேயே இருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடையது மேற்பிரிவின் கடைசிக் காம்பரா. உள்ளறையில் தம்பி சின்னராசாவும் அவன் மனைவி யோகமலரும்; பலகையடித்து மறைத்த முன்திண்ணையான இஸ்தோப்பில் கலாராணி. சின்னராசா மரக்கறி லொறி ஓட்டினான். பாதி வாரம் கொழும்புப் பாதையிலேயே கழியும். யோகமலருக்கு இருபத்திரண்டு வயது. தலைப்பிள்ளை ஆண், துஷாந்த் என்று பெயர் வைத்து முப்பதாம் நாள் சடங்கு கழித்து இன்னும் அதிக நாளாகவில்லை. தாயற்றவளாகையால், பிரசவக் காயம் அரைத்துக் கொடுத்ததும் வெந்நீர் ஊற்றியதும் நாத்தியான கலாராணிதான்.

அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காம்பரா பெரியாயி, கொழுந்துச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே, பாலில்லாத சாயத்தண்ணிக் கோப்பையோடு வந்து நிலைப்படியில் குந்தினாள்.

"என்னா கலா, இன்னைக்கு ஒன் புள்ளைங்கள்ல எத்தன செத்துச்சு?"

"ஒண்ணு. தலைய மட்டும் தின்னுட்டு ஒடம்ப வச்சுருச்சு."

"அய்யய்யே! திங்கிற நேரத்துல சொல்றா பாரு."

"நீதான கேட்ட!"

"எங்க மாமியாக்காரியும் அப்புடித்தான், மொதல்ல என் தலையத்தான் தின்னா. ஒடம்ப கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிட்டா."

சிரித்த சிரிப்பில் பெரியாயிக்குச் சாயத்தண்ணி புரைக்கேறியது. கலாராணி ரொட்டியைப் புரட்டிப்போட்டுவிட்டு, கம்பி நக்கிய கதையையும், குட்டிகளை மிதித்த கதையையும், எடுத்த கையில் வால் ஒட்டிக்கொண்ட கதையையும் விட்டதில்லாமல் சொன்னாள். அருவருப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு உறங்க அவளால் இயலாது. சொன்னால் பாதி இறங்கும். இறங்கிய பாதி எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவள் பார்க்கவில்லை.

உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த யோகமலர் கேட்டாள்:

"அதுக்குத் தெரியுமா மதினி?"

"எதுக்கு? என்னா தெரியுமா?"

"அந்த எலிக்கு. திங்கப்போறோம்னு மொதல்லயே தெரியுமா?"

"எலிக்கு என்னாடி தெரியும்? நல்லாத்தான் நக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கும். திடீர்னு வாய் தெறக்கும். அம்புட்டுத்தான்."

"ஊசி போடாத எலி?"

"அதுலயும் ஒண்ணு ரெண்டு திங்குமாம், ஐயா சொல்றாரு. என்னா, சம்பல் ஒறைக்குதா? ரொட்டிய வச்சுக்கிட்டே இருக்க?"

யோகமலர் ரொட்டியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். "எனக்குப் பசிக்கல மதினி," என்றாள்.

நவம்பரில் மழை நிலைத்துவிட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடிகட்டிப் புகையில் உலர்த்தியதால் பிள்ளையின் துணியெல்லாம் புகை மணத்தது. அந்த மாதத்தில்தான் யோகமலர் மாறிப்போனாள். அல்லது, மாறிவிட்டதைக் கலாராணி அந்த மாதத்தில்தான் கண்டாள்.

பிள்ளை தொட்டிலில் வீரிட்டுக்கொண்டிருக்கும். அவள் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி, வாயைக் கையால் பொத்தியபடி நிற்பாள். பால் கொடுப்பது யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும். அப்போதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொள்வாள். பிள்ளை உறங்கினால் அவள் உறங்கமாட்டாள். கூட்டிய வாசலைக் கூட்டுவாள். கழுவிய சட்டியைக் கழுவுவாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை பல்விளக்குகிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை. உப்பும் கரியுமாகத் தேய்த்துத் தேய்த்து ஈறு கிழிந்து, துப்பிய எச்சில் வடிகானில் சிவப்பாக ஓடியது.

"ஏ புள்ள, என்னா பண்ற? வாயெல்லாம் ரத்தம்!"

"நாறுது மதினி."

"என்னா நாறுது?"

யோகமலர் மறுபடி கரியை விரலில் தொட்டாள்.

 கூடு கட்டாதது, குட்டியைப் பொறுக்காதது, உறங்காதது, வாய் ஓயாதது. இவற்றையெல்லாம் கலாராணி வேறோர் இடத்தில் தினமும் காலையில் பார்க்கிறாள். சிவப்புச்சீட்டு மட்டுந்தான் குறைவு.

சீட்டும் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னராசாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையிலிருந்து பாதி வெறுமையான மாத்திரை அட்டை ஒன்று கல்லில் விழுந்தது. ஈரக்கையோடு உள்ளே போய் அதை அவன் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"என்னாடா இது?"

"முழிப்பு மாத்திர. பெரகல சந்தியில ஒரு கடையில விக்கிறான். எல்லா டைவரும் திங்கிறான். ஹல்துமுல்ல எறக்கத்துல கண்ணசந்தா பொணத்ததான் எடுக்கணும்."

"யோகத்துக்குக் குடுத்தியா?"

"அவளுக்கு எதுக்கு? அவ என்னா லொறியா ஓட்டுறா?"

"அவ எடுக்கலன்னு நீ பாத்தியா?"

"நா எங்க வீட்டுல இருந்தேன் பாக்குறதுக்கு?"

"அப்பறம் என்னா பேச்சுப் பேசுற? அட்டையில பாதியக் காணோம்."

"அது நா தின்னது, அக்கா! நீ எலியப் பாத்துப் பாத்து மனுசனையும் எலியாத்தான் பாக்குற."

"எலி மாதிரி நடந்தா எலின்னுதான் பாப்பேன். ஒன் புள்ள கத்திக் கரையுது பாரு, போய்த் தூக்கு. அவ தூக்கமாட்டா."

சின்னராசா எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினான். யோகமலர் சுவரோடு நின்றாள். இத்தனை பேச்சும் அவள் காதில் விழுந்திருந்தது. 'இல்லை' என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததையே கலாராணி சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சிதம்பரநாதனிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வகத்துக்கு வெளியே தம் ஆய்வு நடமாடுவதைக் கேட்டதில் அவருக்கு இருந்த உற்சாகத்தை, அவர் துடைத்த துடைப்பு மறைக்கவில்லை.

"குட்டியை, சீ, பிள்ளையைத் தூக்கிறதே இல்லையோ?"

"இல்லீங்க."

"நித்திரை?"

"கண்ணே மூடுறதில்லீங்க. வாய் ஓயாம எதையாச்சும் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா."

"வாய்ப்பழக்கம்கூட ஒத்துவருது," என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "பிள்ளைக்கு ஆபத்து. சிறுவர் விசயம் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தருக்கு ஒரு மனு எழுதுவம்," என்றார்.

எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒரு முற்பகல் எடுத்தார். மூன்று முறை அடித்துத் திருத்தி, நான்காம் முறை எழுதியதை உரக்க வாசித்துக்காட்டினார். 'மேற்படி தாய் ஊக்க மருந்தை உட்கொண்டு வருவதாக அறியக்கிடக்கின்றமையால்' என்ற இடத்தில் குரல் சற்றே உயர்ந்தது. கலாராணிக்கு விளங்கிய வரி கடைசி வரி மட்டும்: பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் கீழே பெயரை எழுதினாள்.  ஆயுள் முழுவதும் அவள் கேட்க நினைத்ததை இன்னொருவர் இலக்கண சுத்தமாகக் கேட்டுக்கொடுத்திருந்தார்.

நன்னடத்தை உத்தியோகத்தர் சரோஜினி, மழையில் ஆட்டோ மேலே ஏறாததால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். வாசலில் லயமே கூடிவிட்டது. கழுத்தை நீட்டியவர்களில், அன்று நிலைப்படியில் குந்தித் தலை தின்ற கதைக்குச் சிரித்த பெரியாயியும் இருந்தாள். இப்போது வெற்றிலை எச்சிலைக் கானில் துப்பி, "தூ, பெத்த வயிறா இது, எலிப்பொந்து," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சில நாட்களாகவே யோகமலருக்கு அங்கே வேறு பெயர் இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் சின்னஞ்சிறுசுகள்கூட எலிக்காரி என்றன.

"பயப்பிடாதேங்கோ," என்றார் சரோஜினி. "நீங்கள் ஏதும் மாத்திரை, குளிசை பாவிக்கிறனீங்களோ?"

யோகமலர் வாயைப் பொத்தியபடி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பிள்ளையை ஏன் தூக்கிறதில்லை?"

யோகமலர் தொட்டில் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு விரலிடுக்கால் குரல் வந்தது:

"மதினிகிட்டக் குடுத்துருங்க மிஸ். எங்கிட்ட வேணாம். எங்கிட்டக் குடுக்கவே குடுக்காதீங்க."

"இவ சொல்றதக் கேட்டீங்களா?" என்றாள் கலாராணி. அருவருப்பும் வெற்றியும் ஒரே வாயில் வந்ததை அவளே உணர்ந்தாள்.

சரோஜினி நீட்டிய சம்மதத் தாளில் யோகமலர் அங்கேயே கையெழுத்திட்டாள். வாரக் கடைசியில் சின்னராசா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நீதிமன்றக் கட்டளை வரும்வரை பிள்ளை கலாராணியிடம் இருக்கட்டும் என்றானது.

அந்த வாரங்களைக் கலாராணி வாழ்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். விடியலில் பால்மா கரைத்தாள். போகும் வழியில் புள்ளக்காம்பராவில் பிள்ளையை விட்டாள். சான்றிதழ் பெற்ற பெண்ணிடம், எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மாலையில் கொழுந்துக்காரிகளோடு தானும் ஒருத்தியாய் வரிசையில் நின்று, "எம்புள்ளையக் குடு," என்று கேட்டு வாங்கினாள். ஒரே ஒரு குறை. அவள் கை முகத்தருகே வந்தால் பிள்ளை மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிக்கொண்டது. தேசிக்காய் வைத்துத் தேய்த்தாள். மஞ்சள் வைத்துத் தேய்த்தாள். பிள்ளை திருப்பிக்கொண்டது.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாவிட்டால் லயம் பேசும். யோகமலர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. வாயிலிருந்து கை இறங்கியிருந்தது. ஈறு ஆறியிருந்தது. மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த துவாய் மட்டும் இரண்டு இடங்களில் நனைந்திருந்தது. பால் வற்றுவதற்கு மருந்து கொடுத்தும் வற்றவில்லை என்றாள்.

"உண்மையச் சொல்லு யோகம். அவன் சட்டையில இருந்து மாத்திர எடுத்தியா, இல்லையா?"

"எந்த மாத்திரையும் எடுக்கல மதினி. டாக்டரம்மாவும் இதத்தான் கேட்டாங்க. நா அவரு சட்டையத் தொட்டே எம்புட்டு நாளாச்சு."

"அப்பறம் ஏன்டி புள்ளையத் தொடல?"

யோகமலர் அவளை வியப்போடு பார்த்தாள்.

"நீங்கதான சொன்னீங்க."

"நா என்னா சொன்னேன்?"

"நல்லா நக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே வாய் தெறக்கும்னு. ஊசி போடாததும் திங்கும்னு." குரல் தாழ்ந்தது. "பால் குடுக்கையில அவன் தலை மணக்கும் மதினி. அந்த மணத்துல அப்புடியே வாய வச்சு அழுத்தணும்னு வரும். அது ஆசையா பசியான்னு எனக்குத் தெரியல. யாருகிட்டக் கேக்குறது? கேட்டா எலின்னுருவாங்கன்னு பேசாம இருந்தேன். அதுக்குள்ள அவுங்களே சொல்லிட்டாங்க."

"பல்லு?"

"வாய் எரிஞ்சுக்கிட்டு இருந்தா திங்கத் தோணாதுல்ல?"

கலாராணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"புள்ள பெத்தவங்க சிலருக்கு இந்தப் பயம் வருமாம்," என்று யோகமலர் தொடர்ந்தாள். "பயப்படுறவ திங்கமாட்டா, அவதான் கூடக் காவல் இருப்பான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதக் கேட்ட அன்னைக்குத்தான் தூங்குனேன். பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்புறேன்னாங்க. ஆனா அந்தத் தாளுல கையெழுத்து வச்சுட்டேனே. நீங்க அந்த மிஸ்கிட்டச் சொல்லுங்க மதினி. நா சொன்னா பைத்தியத்துல பேசுறான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"சொல்றேன்," என்றாள் கலாராணி.

"அவன் என்னையத் தேடுறானா?"

"தேடுறான்," என்றாள். அந்த ஒரு சொல் அவளுக்குக் குமட்டியது. உண்மை என்பதனால் குமட்டியது.

சொல்வதாகச் சொன்னவள் சொல்லவில்லை. மழை என்றாள், லீவு இல்லை என்றாள், கேட்பதற்கு எவரும் இல்லாதபோதும் காரணம் சொல்லிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை, கட்டளை வந்திருப்பதாகவும் பிள்ளையோடு வந்து பெற்றுக்கொள்ளுமாறும் அலுவலகத்திலிருந்து ஆளனுப்பியிருந்தார்கள். காலை வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று எலிக்காம்பராவுக்குப் போனாள். கம்பி நக்கி என்று அவள் பெயர் வைத்திருந்த அதே எலி, இரண்டாம் முறை ஈன்றபின், கூண்டில் தனியாக மேசைமேல் இருந்தது. ஊசியை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன. சாகாமலிருப்பதற்காக நீலச்சீட்டுத் தாயிடம் விட்டிருந்த அதன் குட்டிகளைச் சிதம்பரநாதன் கொண்டுவந்து மறுகோடியில் போட்டுவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார்.

எலி மூக்கைத் தூக்கியது. கம்பியருகே போனது. நக்கப்போகிறது என்று கலாராணி நினைத்தாள். அது திரும்பி ஓடிவந்து முதற்குட்டியைக் கவ்வியது. அதே வாய். கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடியது. எல்லாவற்றையும் சேர்த்த பிறகும், விடுபட்டது ஏதும் உண்டோ என்று காலி மூலைகளையெல்லாம் முகர்ந்து வந்தது. காகிதக் கீற்றுகளை வாயில் இழுத்துக் குட்டிகளைச் சுற்றிப் போட்டது. அப்புறம் அவற்றின்மேல் வளைந்து நின்றது.

"மீளுது," என்றார் சிதம்பரநாதன். "நல்லாவே மீளுது."

"ஐயா," என்றாள் கலாராணி. "யோகம் மருந்து எதுவும் திங்கலீங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி சுட்ட மாலையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். 

"நான் 'உட்கொண்டாள்' எண்டு எழுதேல்லை," என்றார் முதலில். "'உட்கொண்டு வருவதாக அறியக்கிடக்கின்றமையால்' எண்டுதான் எழுதினனான்." தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது போலும், கடிகாரத்தைக் கீழே வைத்தார். "சீச்சீ. என்ன கதைக்கிறன். இண்டைக்கே போய்ச் சொல்லும் பிள்ளை. முதல்ல அதைச் சொல்லும். பிறகு மற்றதெல்லாம்."

"சொல்றேங்க."

பதுளை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஈரக்குடைகளின் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. 'மிஸ், நா தப்பாச் சொல்லிட்டேன்' என்ற வாக்கியத்தைக் கலாராணி மனதுக்குள் சொல்லிப்பார்த்தாள். வளைவுக்கு வளைவு அதைச் சுருக்கினாள். கடைசியில் 'தப்பு மிஸ்' என்ற அளவுக்கு வந்தது. அதையும் நாக்கு மறுக்காது என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் பிள்ளை, வழக்கத்துக்கு மாறாக, அவள் சுட்டுவிரலைப் பிடித்து இழுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டது. மூக்கைச் சுருக்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. பல் முளைக்காத ஈறால் கடித்துச் சப்பிக்கொண்டே உறங்கிப்போனது. நாற்றம் போய்விட்டதோ என்று மற்றக் கையை முகர்ந்து பார்த்தாள். போகவில்லை. பிள்ளைக்குத்தான் பழகிவிட்டிருந்தது.

சரோஜினியின் மேசைமேல் கட்டளை விரித்துவைக்கப்பட்டிருந்தது. நீதவானின் கையொப்பம் நீலமையில், கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரே இழுப்பாக இருந்தது. இணைத்திருந்த சம்மதத் தாளில் யோகமலர் தன் பெயரைப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், எழுத்தெழுத்தாக எழுதியிருந்தாள்.

"ஒரு வருசத்துக்குப் பிள்ளை உங்களிட்டை," என்றார் சரோஜினி. "பிறகு திரும்பப் பார்ப்பம். ஆனா எனக்கு ஒரு யோசினை. தாய் தேறிட்டா எண்டு டொக்டர் சொல்லுறா. ரத்தத்தில மருந்து இல்லையாம். அது நாள் கழிச்சு எடுத்த ரத்தம், அதைவைச்சு ஒண்டும் சொல்லேலாது. குளிசை விசயம் கண்ணால கண்ட ஆள் நீங்கள் ஒராள்தான்." தாளை எடுத்துப் பாதியாக மடித்தார், கொடுக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். "புதிசா ஏதும் சொல்ல இருந்தா இப்பச் சொல்லுங்கோ. இதை நான் இப்பிடியே திருப்பி அனுப்பலாம். தந்திட்டன் எண்டா ஒரு வருசம் அசைக்கேலாது."

வெளியே மழை வலுத்தது. பிள்ளையின் தலை அவள் தாடைக்குக் கீழே இருந்தது. உச்சி, பால்மாவும் வியர்வையும் கலந்து மணத்தது. கலாராணி வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க மிஸ்," என்றாள்.

"வடிவா யோசிச்சுத்தானே?"

"ஆமாங்க."

சரோஜினி தாளை மேசைக்கு மேலாக நீட்டினார். கலாராணி வலக்கையால் அதை வாங்கினாள். வாங்கிய அசைவில் பிள்ளை விழித்து, வீரிட்டு, இடுப்பிலிருந்து சரிந்தது. அவள் தாளைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளையை அள்ளினாள்.